தோள்பட்டை வலிக்கு ஊசி குத்தினா கேக்குமா?

ஏப்ரல் 15-ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாள்ல தான் எனக்கு தோள்பட்டை கடிதம் நிறைய வரும், வருஷம் பூரா வலை இழுக்குறப்ப கண்டுக்காத வலி எல்லாம் வீட்டுல உக்காந்து கிழிஞ்ச வலையை சரி பண்றப்ப தான் தெரிய ஆரம்பிக்குது. இந்த தடவை ஆம்பளைங்க மட்டும் இல்ல, கடல்ல பாசி எடுக்குற அக்காமாருங்க, பனை ஏறுற அண்ணன்மாருங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க, பாதிக்கு மேல ஒரே கேள்வி தான், அக்குபஞ்சர் பண்ணலாமா. நான் பிசியோதெரபிஸ்ட், ஊசி குத்துறது என் வேலை இல்ல, ஆனா ஊசி போட்டுட்டு என்கிட்ட வந்தவங்களையும் என்கிட்ட இருந்து ஊசி போடப் போனவங்களையும் நிறைய பார்த்திருக்கேன். அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: மேடம், எனக்கு 52 வயசு, பாசி எடுக்கப் போறவ. சுகர் 6 வருஷமா இருக்கு. 5 மாசமா இடது தோள்பட்டை வலி. முதல்ல ராத்திரி ஒருக்களிச்சு படுத்தா மட்டும் வலிச்சது, இப்ப கை மேலயே போகல, கொண்டை போட முடியல, ஜாக்கெட்டு கொக்கி மாட்ட மக தான் வரணும். சுளுக்குன்னு எண்ணெய் போட்டு வழிச்சும் பார்த்தாச்சு, அன்னைக்கு ராத்திரி உயிரே போச்சு. எங்க தெருவுல ஒரு அக்கா ஊசி 10 தடவை போட்டு நல்லாயிருச்சுன்னு சொல்றாங்க. நானும் போகலாமா, போட்டா கை தூக்க வருமா?
— வாசகி, சின்னப்பாலம், பாம்பன்

பதில்: போகலாம் அக்கா. ஆனா ஊசி எது வரைக்கும் உதவும்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க, இல்லன்னா காசும் போயி கையும் அப்படியே இருக்கும்.

முதல்ல வீட்டுலயே ஒண்ணு பாருங்க. முழங்கையை இடுப்போட ஒட்டி மடக்கி வச்சுக்கிட்டு, முன்னங்கையை கதவு திறக்குற மாதிரி வெளிப்பக்கமா திருப்புங்க. நல்ல கை எவ்வளவு போகுதோ அதுல பாதி கூட இந்தக் கை போகலன்னா மகளை மெதுவா பிடிச்சு திருப்பச் சொல்லுங்க, அப்பவும் கட்டையில முட்டுன மாதிரி நின்னுடுச்சுன்னா அது அனேகமா ஃப்ரோசன் ஷோல்டர். தோள் மூட்டைச் சுத்தி பை மாதிரி ஒரு உறை இருக்கு, அது வீங்கி, தடிச்சு, சுருங்கிப் போறது தான் இந்த நோய். 1934-ல காட்மேன்னு ஒரு அமெரிக்க சர்ஜன் இந்தப் பேரை வச்சாரு. 40-லிருந்து 60 வயசுக்குள்ள தான் அதிகம் வரும், ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகம், சுகர் இருக்குறவங்களுக்கு மத்தவங்களை விட பல மடங்கு அதிகம். நீங்க எழுதுனது மூணுமே பொருந்துது, ஆனாலும் கையைத் தொட்டுப் பார்க்காம நான் முடிவா சொல்லக்கூடாது. நீங்களா தூக்கினா வராது, மக தூக்கிவிட்டா மேல போகுதுன்னா அது வேற கதை, அது தசைநார் கிழிஞ்சதாவோ புண்ணானதாவோ இருக்கும், வருஷக்கணக்குல வலை இழுத்தவங்க பல பேருக்கு அது தான் இருக்கு.

ஃப்ரோசன் ஷோல்டர் மூணு கட்டமா போகும். முதல்ல வலி ஏறிக்கிட்டே போகும், அப்புறம் வலி கொஞ்சம் குறைஞ்சு கை இறுகிடும், கடைசியா மெல்ல மெல்ல இளகும். மொத்தமா 1 வருஷத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் கூட இழுக்கும். உங்க தெரு அக்காவுக்கு ஊசியால சரியாச்சா, இளகுற காலத்துல ஊசி போட்டதால சரியான மாதிரி தெரிஞ்சுச்சா, இதை யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. அதனால தான் நான் ஒருத்தர் அனுபவத்தை விட நூத்துக்கணக்கான பேரை வச்சு பார்த்த ஆய்வைப் பார்க்குறேன்.

அந்த ஆய்வுங்க என்ன சொல்லுதுன்னா, மருத்துவ ஆய்வுங்களை ஒண்ணா சேர்த்து அலசிப் பார்க்குற காக்ரேன்னு ஒரு அமைப்பு 2005-ல அதுவரைக்கும் தோள்பட்டைக்கு நடந்த 9 ஆய்வை அலசிட்டு, நல்லதுன்னும் சொல்ல முடியல வீண்னும் சொல்ல முடியலன்னு விட்டுட்டாங்க, எல்லாமே சின்ன சின்ன ஆய்வு. அதுக்கப்புறம் ரெண்டு பெரிய ஆய்வு வந்துச்சு. 2010-ல வெளியான ஜெர்மன் ஆய்வுல 6 வாரத்துக்கு மேல தோள்பட்டை வலி இருந்த 424 பேரை மூணா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு சீன முறை ஊசி, ஒரு குரூப்புக்கு அக்குபஞ்சர்ல குத்துற புள்ளி இல்லாத இடத்துல பேருக்கு ஒரு ஊசி, இன்னொரு குரூப்புக்கு எலும்பு டாக்டருங்க வழக்கமா பண்ற வைத்தியம், 6 வாரத்துல 15 தடவை. முடிஞ்சு 3 மாசம் கழிச்சு வலி பாதிக்குப் பாதி குறைஞ்சவங்க எத்தனை பேருன்னு பார்த்தா சரியான ஊசியில 100-க்கு 65, பேருக்கு குத்துன ஊசியில 24, வழக்கமான வைத்தியத்துல 37. நல்ல முடிவு தான். ஆனா பாருங்க அக்கா, சரியா ஊசி போட்ட 100 பேர்ல 35 பேருக்கு அந்தப் பாதி கூட குறையல.

ரெண்டாவது ஸ்பெயின் ஆய்வு, 2008. எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான். 425 பேரு, எல்லாருக்குமே பிசியோதெரபி 15 தடவை உண்டு. அதுல ஒரு பாதி பேருக்கு மட்டும் வாரம் ஒரு தடவை, மொத்தமே 3 வாரம், ஒரே ஒரு புள்ளியில ஊசி. அந்தப் புள்ளி தோள்ல இல்ல, கால்ல! முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல, கெண்டைக்கால் முன்பக்க எலும்புக்கு ஒரு விரல் தள்ளி வெளிப்பக்கம், சீனாவுல டியாவ்கோவ்னு பேரு. அந்த குரூப்புல 100-க்கு 53 பேரு வலி மாத்திரையைக் குறைச்சுக்கிட்டாங்க, இன்னொரு குரூப்புல 30 பேரு தான். தோள் அசைவும் ஊசி குரூப்புல நல்லா முன்னேறுச்சு.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கேப்பீங்க. பழைய சீன நூல்ல உடம்புல சக்தி ஓடுற பாதை இருக்கு, அதுல 361 புள்ளி இருக்கு, அடைப்பை எடுத்தா வலி போகும்னு சொல்றாங்க. அறுத்துப் பார்த்தா அப்படி ஒரு பாதை உடம்புக்குள்ள கிடையாது. ஆனா ஊசி குத்தினா உடம்பே எண்டார்ஃபின்னு வலியை அமர்த்துற சரக்கை சுரக்குதுன்னு 1970-கள்லயே பரிசோதனை பண்ணி பார்த்திருக்காங்க, அந்த எண்டார்ஃபினை மறிக்கிற மருந்தைக் குடுத்தா ஊசியோட பலனும் குறைஞ்சு போச்சு. எனக்கு இந்த விளக்கம் போதும்.

இப்ப உங்க கேள்வியோட ரெண்டாம் பாதி, கை தூக்க வருமா. ஊசி வலியைத் தணிக்கும், சுருங்கின உறையை அது இழுத்து விடாது. அதை நீங்க தான் இழுக்கணும். ஊசி போட்டு வந்த பிறகு சில மணி நேரம், சில பேருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் வலி அடங்கி இருக்கும், அந்த நேரத்தை தூங்கி கழிச்சிடாதீங்க. நல்ல கையால மேசையைப் பிடிச்சு குனிஞ்சு, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு மணியோட நாக்கு மாதிரி முன்னும் பின்னும், வட்டமாவும் ஆட்டுங்க. அப்புறம் சுவரைப் பார்த்து நின்னு நண்டு ஏறுற மாதிரி விரலால மேல ஏறுங்க, எது வரைக்கும் போச்சோ அங்க கரித்துண்டால ஒரு கோடு போடுங்க, மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பாருங்க. ஒரு நாளைக்கு 3 வேளை, ஒவ்வொரு வேளையும் 10 நிமிஷம். வலி பொறுக்கிற அளவுக்கு மட்டும், செஞ்சு முடிச்சு அரை மணி நேரத்துல அடங்குற வலின்னா சரி, ராத்திரி பூரா இழுத்தா அதிகம் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். எண்ணெய் போட்டு வழிச்சு முறுக்குறதை இனிமே யாரையும் செய்ய விடாதீங்க, வலி ஏறுற கட்டத்துல முரட்டுத்தனமா இழுத்தா இன்னும் வீங்கும். உப்பை வறுத்து துணியில கட்டி ஒத்தடம் குடுக்கலாம், ஆனா சுகர் உள்ளவங்களுக்கு சூடு தெரியாம தோல் வெந்துரும், மகளைத் தொட்டுப் பார்த்துட்டு வைக்கச் சொல்லுங்க.

ஊசிக்குப் போற முன்னாடி 3 மாச சராசரி சுகர் டெஸ்டையும் தைராய்டு டெஸ்டையும் ஒரு தடவை எடுத்துடுங்க. எலும்பு டாக்டர் மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடலாம்னு சொன்னா அதுக்கும் பயப்பட வேண்டாம், ஆரம்ப கட்டத்துல அதுவும் நல்லா கேக்கும், சுகர் சில நாள் ஏறும், அதை மட்டும் பார்த்துக்கணும். பாசிக்குப் போற நாள்ல சாக்கை அந்தத் தோள்ல போடாதீங்க.

கேள்வி: எங்க உம்மாவுக்கு தோள்பட்டை வலின்னு ஒரு ஹீலர்கிட்ட கூட்டிப் போனோம். அவர் ஊசி எதுவும் போடல, கையில ஒரு இடத்தை விரலால கொஞ்ச நேரம் தொட்டுட்டு விட்டுட்டாரு. இது தான் அக்குபஞ்சர்னு சொல்றாரு. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கழிவு, நிறுத்திடுங்கன்னும் சொல்லியிருக்காரு. உம்மா அவரை முழுசா நம்புறாங்க, 4 நாளா மாத்திரை போடல. என்ன செய்ய?
— வாசகி, கீழக்கரை

பதில்: தங்கச்சி, இதைப் படிச்ச உடனே உம்மாவுக்கு சுகரும் பிரஷரும் பார்த்துட்டு, இன்னைக்கே அவங்க டாக்டர்கிட்ட காட்டி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

நம்ம தமிழ்நாட்டுல விரலால தொடுறதுக்கும் அக்குபஞ்சர்னு தான் பேரு வச்சிருக்காங்க. நான் மேலே சொன்ன ஜெர்மனி, ஸ்பெயின் ஆய்வு எல்லாமே தோலைத் துளைச்சு உள்ள போற ஊசியை வச்சு பண்ணது. அந்தப் பலனை எடுத்து தொடு சிகிச்சைக்கு சொல்றது நியாயமே இல்ல. தொட்டதால கெடுதல் வராது, உம்மாவுக்கு மனசுக்கு நிம்மதின்னா போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்ற அந்த ஒரு வார்த்தை தான் ஆளைக் கொல்லும். சுகர் மாத்திரையை நிறுத்தினா முதல் வாரம் ஒண்ணும் தெரியாது, உடம்பு லேசான மாதிரி கூட இருக்கும், அதை வச்சு தான் நம்ப வைக்கிறாங்க. உள்ள சுகர் ஏறிக்கிட்டே இருக்கும். இன்சுலின் போடுறவங்க நிறுத்தினா ரெண்டு மூணு நாள்லயே மூச்சு வாங்கி மயக்கத்துல கொண்டு போயிடும். பிரஷர் மாத்திரையைத் திடீர்னு விட்டா பக்கவாதம் வர்ற வாய்ப்பு ஏறுது. என்கிட்ட வந்த ஒரு பெரியவர் தோள்பட்டைக்குன்னு இப்படி ஒரு இடத்துக்குப் போயி 2 மாசம் மாத்திரையை நிறுத்தி, கால்ல சின்னதா சிப்பி குத்துன புண்ணு ஆறாம கடைசியில ரெண்டு விரலை எடுத்தாங்க. அவர் தோள் வலிக்காகப் போனவர். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆறல.

உம்மாகிட்ட சண்டை போடாதீங்க, அவங்க வலி தாங்காம தான் நம்பியிருக்காங்க. கூட உக்காந்து தோளுக்கு பயிற்சி செய்ய வைங்க, வலி கொஞ்சம் குறையுறதை அவங்களே பார்க்கட்டும். சுகர் கட்டுக்குள்ள வந்தா தோள் இளகுறதும் சுலபம்னு சொல்லிப் பாருங்க, எங்க ஆளுங்க பல பேரு அந்தப் பேச்சுக்கு தான் இறங்கி வந்திருக்காங்க.

கேள்வி: 44 வயசு, 3 மாசமா பனையில பாதி ஏறும்போதே இடது தோள்பட்டையும் தாடையும் இழுத்துப் பிடிக்குது, வேர்த்துக் கொட்டுது, இறங்கி உக்காந்தா 5 நிமிஷத்துல போயிடுது. வாய்வுன்னு இஞ்சியும் பூண்டும் தின்னு பார்த்தேன். ஊசி குத்தினா சரியாகுமா?
— வாசகர், சாயல்குடி பக்கம்

பதில்: அண்ணே, ஊசியும் வேண்டாம், இஞ்சியும் வேண்டாம், மரமும் ஏற வேண்டாம். இது தோள் வலி மாதிரி தெரியல, நெஞ்சு வலி. வேலை செஞ்சா வரும், நின்னா போகும், கூடவே வேர்வை, தாடை இழுப்பு, இது இதயத்துக்கு ரத்தம் பத்தாம வர்றதா இருக்கலாம். தோள் மூட்டு வலின்னா கையைத் தூக்கினா வலிக்கும், உக்காந்த 5 நிமிஷத்துல முழுசா மறையாது. நாளைக்கு காலையில முதல் வேலையா ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயி ஈசிஜி எடுங்க. சும்மா இருக்கும்போது வந்தாலோ, உக்காந்தும் அடங்கலன்னாலோ அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்க. வீட்டுல உள்ளவங்க கிட்டயும் இதைப் படிச்சுக் காட்டிடுங்க.

கேள்வி: ஊசி குத்தினா வலிக்குமா? எத்தனை தடவை போகணும்? போட்டுட்டு மறுநாள் கடலுக்குப் போகலாமா? எங்க மச்சான் ஒருத்தருக்கு ஊசி போட்டப்ப மயக்கமே வந்துருச்சு, அதான் பயமா இருக்கு.
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஆஸ்பத்திரி ஊசியை நினைச்சு பயப்படாதீங்க. இது உள்ள ஓட்டை இல்லாத, மருந்து ஏத்தாத ஊசி, கால் மில்லிமீட்டர் கனம் தான் வரும். தோலைத் தாண்டும்போது சுருக்குன்னு இருக்கும், அப்புறம் உள்ள கனமா, மரத்த மாதிரி, மந்தமா ஒரு உணர்வு வரும், அது வரணும்னே தான் திருகுவாங்க. மின்சாரம் அடிச்ச மாதிரி விரல் வரைக்கும் பாய்ஞ்சா உடனே சொல்லிடுங்க, நரம்புல பட்டிருக்கும்.

மச்சானுக்கு மயக்கம் வந்தது வெறும் வயித்துல போனதால இருக்கலாம். ராத்திரி பூரா கடல்ல கிடந்துட்டு விடியக்காலை கரை ஏறி ஒரு டீயைக் குடிச்சுட்டு நேரா ஊசிக்குப் போறவங்களுக்கு இது நடக்கும். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டுப் போங்க, முதல் தடவை படுத்துக்கிட்டே போடச் சொல்லுங்க. நோன்பு நேரத்துல போறவங்களுக்கும் இதே தான், நோன்பு திறந்த பிறகு நேரம் வாங்கிக்கோங்க.

வாரம் ஒண்ணு ரெண்டு தடவைன்னு 6 தடவை போட்டும் ராத்திரி தூக்கத்துல கூட வித்தியாசம் தெரியலன்னா நிறுத்திடுங்க, 20 தடவை 30 தடவைன்னு மொத்தமா பணம் கட்டாதீங்க. போட்ட அன்னைக்கு கடல்ல இறங்க வேண்டாம், துளை சின்னது தான், ஆனாலும் நம்ம கடல் தண்ணியில கிருமி உண்டு, மறுநாள் போகலாம்.

ஆபத்து குறைவு தான். ஜெர்மனியில 2,29,230 பேரைக் கணக்கெடுத்ததுல 100-க்கு 8, 9 பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு வந்திருக்கு, பெரும்பாலும் ரத்தம் கசிஞ்சு கன்னிப் போறது. அந்த 2,29,230 பேருல மொத்தமே 2 பேருக்கு நுரையீரல்ல ஊசி பட்டு காத்து கசிஞ்சிருக்கு. தோள் உச்சியில கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்குற சதைக்கு நேரா கீழ தான் நுரையீரலோட நுனி, அங்க ஆழமா குத்தக்கூடாது. ஊசி போட்டு வந்த பிறகு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சுல குத்தினாலோ அது எண்டார்ஃபின்னு படுத்துக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேள்வி: ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறேன், ஊசி போடலாமா? என் தங்கச்சி 5 மாச கர்ப்பம், அவளுக்கும் தோள் வலி.
— வாசகி, தொண்டி

பதில்: மாத்திரை பேரை எழுதிக் கொண்டு போயி உங்க டாக்டர்கிட்ட முதல்ல கேளுங்க, நீங்களா மாத்திரையை நிறுத்திட்டுப் போகாதீங்க. தங்கச்சிக்கு இப்ப வேண்டாம், கை பெருவிரல் பக்கமும் தோள் உச்சியிலயும் உள்ள சில புள்ளியை கர்ப்பத்துல தொடவே கூடாதுன்னு அந்த வைத்தியமே சொல்லுது. ஒத்தடமும் பயிற்சியும் போதும். பேஸ்மேக்கர் வச்சிருக்குறவங்களும் ஊசியில கரண்ட் குடுக்குற முறை பக்கம் போகாதீங்க.

கேள்வி: ஊசி போடுறவர் உண்மையிலேயே படிச்சவரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? தெருவுக்கு ஒரு போர்டு தொங்குது.
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: நல்ல கேள்வி. அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறைன்னு மத்திய அரசு 2003-ல ஏத்துக்கிட்டு உத்தரவு போட்டுச்சு, 2019-ல தனி மருத்துவ முறைன்னும் ஏத்துக்கிச்சு. அதுக்காக போர்டு போட்ட எல்லாரும் படிச்சவங்கன்னு ஆகிடாது. சில வாரம் கிளாஸ் போயிட்டு வர்றவங்களும் இருக்காங்க. என் கணக்குல நம்பிப் போகக்கூடியவங்க, பிஎன்ஒய்எஸ் படிச்ச இயற்கை மருத்துவ டாக்டருங்க, அது இன்டர்ன்ஷிப்போட சேர்த்து அஞ்சரை வருஷப் படிப்பு, அதுல அக்குபஞ்சரும் பாடம். எம்பிபிஎஸ் முடிச்சுட்டு தனியா பயிற்சி எடுத்தவங்களும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா யோகா இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கான்னு கேளுங்க, காசு செலவு இல்லாம முடியும்.

உள்ள போனதும் கண்ணால பாருங்க. ஊசி பாக்கெட்டை உங்க முன்னாடி பிரிக்கிறாங்களா, ஒருத்தருக்கு ஒரு தடவை போட்டதைத் தூக்கிப் போடுறாங்களா. கொதிக்க வச்சு திரும்பப் போடுறேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க, மஞ்சள் காமாலை பி வகை ஒரு ஊசியில பரவும். உங்க சுகர், மாத்திரை, பழைய ஆபரேஷன் எல்லாம் கேக்குறாங்களான்னும் பாருங்க. எதையும் கேக்காம உடனே கையைப் பிடிக்கிறவங்க எனக்கு சரிப்படாது.

கேள்வி: ஊசியும் போட்டு பயிற்சியும் செஞ்சு வலி முக்கால்வாசி போயிடுச்சு மேடம். கரைவலை இழுக்கக் கூப்பிடுறாங்க, போகலாமா?
— வாசகர், காரங்காடு

பதில்: ரொம்ப சந்தோஷம் அண்ணே. வலி போனது வேற, பலம் வந்தது வேற, இன்னும் 3 வாரம் பொறுங்க. அது வரைக்கும் அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சு முழங்கையை இடுப்போட ஒட்டி உள்ளயும் வெளியயும் 10 தடவை திருப்புங்க, வாரத்துக்கு வாரம் பாட்டிலைப் பெருசாக்குங்க. நல்ல கை அளவுக்கு இந்தக் கையும் தூக்குதுன்னு தெரிஞ்ச பிறகு போங்க, போனாலும் முதல் ரெண்டு வாரம் கயித்தைத் தோள்ல போட்டு இழுக்காம இடுப்பு வாரில மாட்டி, கால் பலத்துல பின்னால நடந்து இழுங்க, கயிறு சுருட்டுற வேலையை கூட வர்ற பசங்ககிட்ட குடுத்துடுங்க.